எனக்குப் போடாத தண்டம்

பழவேற்காட்டுக்கு ஒரே ஒரு முறைதான் நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறேன். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தோளில் பை. அந்த ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்து, பதினேழு வயது வரை அந்தச் சேற்றில் புரண்டவன் இப்படி வேஷம் கட்டிக்கொண்டு போய் இறங்குவதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! எனக்கு அது இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் சோற்றில் வைத்த கை நின்றுவிடுகிறது.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. தரம் பார்க்கிற பிரிவு. சேர்ந்த முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டார்கள். பொன்னேரி என்றேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது, எங்கள் தாலுகா அதுதான். ஆனால் கேட்டவர் பக்கத்து மேஜைக்காரரிடம் திரும்பிச் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. "நல்லவேளை, குப்பத்து ஆள் இல்ல. போன வருஷம் ஒருத்தன் வந்தான், டிபன் டப்பாவைத் திறந்தான்னா கேண்டீனே காலியாயிடும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த ஒரு சிரிப்பைக் காப்பாற்றுவதற்காகப் பன்னிரண்டு வருஷம் மதியத்துக்குத் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போனேன். வாரத்துக்கு நான்கு நாள் மீன்குழம்பு இல்லாமல் சோறு இறங்காத எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை தேவையில்லை என்று என் மனைவி கேலி செய்வாள். கேலிதான். அவளுக்கும் அது பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

போன வருஷம் புனே பக்கத்திலிருந்து எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார். தமிழில் அவருக்குத் தெரிந்தது "சரி", "போதும்", "நன்றி" என்ற மூன்று வார்த்தைகள். பொங்கல் முடிந்த வாரம் என்னைக் கூப்பிட்டு, பழவேற்காடு என்று ஒரு இடம் இருக்கிறதாமே, பழைய துறைமுகமாம், பூநாரைகள் வருமாம், குடும்பத்தோடு போக வேண்டும், நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர்தானே, கூட வர முடியுமா என்று கேட்டார். வர முடியாது என்று சொல்ல நூறு காரணம் இருந்தது. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த மாதம் அது. "நானும் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன் சார், ஆனால் வழி தெரியும்" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய், தயார் செய்து வைத்திருந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர், அவர் மனைவி, பத்து வயது மகள், நான், நான்கு பேரும் காரில் போய் இறங்கினோம். முதலில் டச்சுக்காரர்களின் கல்லறை. நான் முந்தின நாளே செல்போனில் படித்து வைத்திருந்தேன். இங்கே ஆறு வந்து ஏரியில் சேர்கிறது, ஏரி கடலில் சேர்கிறது, அதனால் கப்பல்காரர்களுக்கு வசதி, துணி ஏற்றினார்கள், கோட்டை கட்டினார்கள் என்று வாத்தியார் மாதிரி ஒப்பித்தேன். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். அந்தக் குழந்தை பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. அதில் இடது பக்க எலும்புக்கூட்டுக்கு நாங்கள் சின்ன வயதில் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். பரீட்சைக்கு முன்னால் அதன் முழங்காலைத் தொட்டுவிட்டுப் போவோம். அதைச் சொல்லியிருந்தால் குழந்தை சிரித்திருக்கும், பயம் போயிருக்கும். சொல்லவில்லை. இரண்டு தடவை மட்டும் வந்தவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

பிறகு படகுத்துறை. அங்கே வரிசையாக நின்ற ஃபைபர் படகுகளில் முதல் படகு யாருடையது என்று பார்த்ததும் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவன். என் அக்காவை எங்கள் குப்பத்திலேயே கட்டிக் கொடுத்திருக்கிறோம், அவள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி அவன் வீடு. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது, வாயைத் திறந்தான். நான் கறுப்புக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, "போட்டு எவ்ளோ நேரம் ஓட்டுவீங்க?" என்று கேட்டேன். நீங்க! ஒரு நொடி என்னைப் பார்த்தான். மேனேஜரைப் பார்த்தான். அவருடைய மனைவியைப் பார்த்தான். பிறகு, "ஒரு மணி நேரம் சார். வாங்க, பாத்து ஏறுங்க" என்றான். அவ்வளவுதான். நான் கேட்காமலேயே என் நாடகத்தில் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டான். அந்தப் பெருந்தன்மைக்காக நான் அவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ அவன் மேல் எரிச்சல்தான் வந்தது, ஏதோ என் குடுமி அவன் கையில் சிக்கிவிட்டது போல.

இந்த இடத்தில் பாடு என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். முகத்துவாரத்துப் பக்கம், தண்ணீர் கடலுக்கு இழுக்கிற வழியில் அவை இருக்கின்றன. அந்த இடங்களுக்குத்தான் பாடு என்று பெயர். அவை யாருக்கும் சொந்தம் கிடையாது. ஊருக்கு ஒரு நாள், ஊருக்குள் ஆளுக்கு ஒரு முறை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். கல்யாணமான ஆணின் பெயர் பட்டியலில் ஏறும். தன் முறை வருகிற நாளில் அவன் அங்கே சவுக்குக் கழிகளை நட்டு வலை கட்டுவான். ஓரத்துக் கழியில் சிவப்புத் துணி பறந்தால் உள்ளே வலை இருக்கிறது என்று அர்த்தம். முறைக்காரன் சம்மதம் கொடுத்தாலொழிய எந்தப் படகும் அதற்குள் போகாது. அன்றைக்கு விட்டுப்போனால் விட்டுப்போனதுதான், சுற்று முழுக்க முடிந்து மறுபடி அவன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இதை மீறுகிறவனுக்கு ஊர் தண்டம் போடும். பணமாக இல்லை. அவனுடைய முறையை நிறுத்துவார்கள், படகைக் கரையில் கட்டிப்போடுவார்கள். ஏரியை நம்பி இருப்பவனுக்கு அது போதும்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது, பட்டியலில் பெயர் ஏற்றட்டுமா என்று ஊர்ப் பெரியவர் ஆள் அனுப்பிக் கேட்டார். நான் கம்பெனி வேலையில் இருக்கிறேன், எனக்கு எதற்குப் பாடு, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அப்போது அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

படகு பாலத்தடியைத் தாண்டி ஏரிக்குள் போனது. வெயில் இன்னும் ஏறவில்லை. தூரத்தில் ஒரு மணல்திட்டை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்றுகொண்டிருந்தன. இங்கிருந்து பார்த்தால் வெளுத்த ரோஜா நிறத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். குழந்தை பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தது. ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கிட்டே போகலாமா என்று அப்பாவைக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் படகுக்காரனைப் பார்த்தேன். எங்களுக்கும் பறவைகளுக்கும் நடுவில் கழிகள் வரிசையாக நின்றன. ஓரத்துக் கழியில் சிவப்புத் துணி பறந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரிந்த அடையாளம்.

"அந்தாண்ட போவ முடியாது சார்" என்றான். "பாடு கட்டிகீறாங்க. சுத்திக்கினு போலாம்னா தண்ணி பத்தாது, சேத்துல மாட்டிக்குவோம். இங்கேர்ந்தே பாத்துக்கச் சொல்லுங்க."

பாடு என்று சொல்லும்போது என்னை நேராகப் பார்த்தான். உனக்குச் சொல்ல வேண்டுமா என்கிற பார்வை. தப்பே இல்லாத பார்வை. அதுதான் என்னைச் சுட்டது. இவன் இப்போது இன்னும் ஒரு வார்த்தை பேசினால் என் பன்னிரண்டு வருஷமும் இந்தப் படகிலேயே கொட்டிவிடும் என்று தோன்றியது. என்ன சொல்கிறார் என்று மேனேஜர் கேட்டார்.

"சும்மா சொல்கிறான் சார்" என்றேன் ஆங்கிலத்தில். "கூடக் கொடுத்தால் போவான். இவர்கள் எல்லோரும் இப்படித்தான், ஏதாவது விதி இருக்கிறது என்று சொல்லிப் பணம் பிடுங்குவார்கள்."

இவர்கள். என் அப்பாவும் அந்த இவர்களில் ஒருவர்.

மேனேஜர் தயங்கினார். "நிச்சயமாகத் தெரியுமா? உண்மையிலேயே ஏதாவது விதி இருந்தால் வேண்டாம். இங்கிருந்தே பார்க்கிறோம்" என்றார். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "விதியெல்லாம் ஒன்றும் கிடையாது சார்" என்றேன். பிறகு அவனிடம் தமிழில், "பரவால்ல, போங்க" என்றேன்.

"நீங்களே சொல்றீங்களா சார்?" என்று கேட்டான்.

"ஆமா, நான்தான் சொல்றேன்."

இன்னும் ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு எஞ்சினைத் திருப்பினான். அவன் ஏன் அத்தனை சுலபமாக ஒப்புக்கொண்டான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கூடக் கிடைக்கும் என்றுதான் போகிறான் போல என்று, நானே சொன்ன பொய்யை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

கழிகளுக்கு நடுவே மெதுவாகத்தான் ஓட்டினான். ஆனாலும் பாதி வழியில் அடியில் ஏதோ இழுத்தது, எஞ்சின் திணறி நின்றது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் எஞ்சினைத் தூக்கினான். விசிறியில் வலை பந்து மாதிரி சுற்றியிருந்தது. கத்தியை எடுத்து அறுத்தான். அறுக்க அறுக்க வலை கிழிந்து, காலையிலிருந்து அதில் சேர்ந்திருந்த இறால் கண்ணெதிரே தண்ணீரில் துள்ளிக் கலைந்து போனது. தூரத்தில் இன்னொரு படகில் இருந்த ஒரு ஆள் எழுந்து நின்று தலைமுண்டாசை அவிழ்த்து வீசி வீசிக் கத்தினார். அந்தச் சத்தத்தில் பூநாரைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. இறக்கைக்கு அடியில் இருக்கிற சிவப்பு அப்போதுதான் தெரியும். எங்கள் தலைக்கு மேலேயே போயின. குழந்தை கைதட்டிக் குதித்தது. மேனேஜரின் மனைவி அழகாகப் படம் எடுத்தார். வந்த காரியம் முடிந்தது.

திரும்பி வந்ததும் அவன் துறையில் படகைப் பிடித்துக்கொண்டு, "பாத்து எறங்குங்க சார், வழுக்கும்" என்று மட்டும் சொன்னான்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள்.

"சேதி கேட்டியா தம்பி? எவனோ கம்பெனிக்காரனுங்கோ குடும்பத்தோட வந்து பாட்டுக்குள்ள பூந்துட்டானுங்கோ. எதுத்த ஊட்டுக்காரரு மொறை அன்னிக்கு. மூணு மாசமா காத்துக்கினு இருந்தாரு மனுசன், வலையும் போச்சு, மொறையும் போச்சு. நேத்து கூட்டம் போட்டாங்கோ. உங்கூடப் படிச்சாரே, போட்டு ஓட்டறவரு, அவருக்குத்தான் தண்டம். ரெண்டு மொறை கட்டு. போட்டும் ஒன்றரை மாசம் ஓட்டக் கூடாது."

என் வாயிலிருந்து, "அடப்பாவமே" என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து, "யாரு போவச் சொன்னாங்களாம்?" என்று கேட்டேன். என் அக்காவிடமே வேவு பார்த்தேன்.

"அதான் பெரியவரும் கேட்டாரு. வெளியாளுங்க, பாடுன்னா இன்னான்னு தெரியாதவங்கன்னு போட்டுக்காரரு சொல்லிட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல. பேஜாரா இருக்குது தம்பி அவரப் பாத்தா. இன்னிக்குக் காலையில நாஷ்டா கூட துன்னாம, கம்பெனி வேன்ல ஏறிக்கினு மூட்டை தூக்கப் போனாரு. உங்க பக்கந்தான் எங்கியோ."

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்காக இல்லை, என் அக்கா நாளைக்கு அந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டுமே, அதற்காக என்று எனக்கு உடனே புரிந்தது. போனை வைத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் பிறகுதான் வந்தது, வந்தபின் போகவில்லை.

அடுத்த ஞாயிறு போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு மனைவிக்குக் காய்ச்சல். அதற்கடுத்த ஞாயிறு கம்பெனியில் ஆடிட். அதற்கடுத்த ஞாயிறு எந்தச் சாக்கும் கிடைக்கவில்லை, ஆனாலும் போகவில்லை. காலையில் நான் பஸ் ஏறும் கும்மிடிப்பூண்டி நிறுத்தத்தில் ஒப்பந்தத் தொழிலாளிகளை ஏற்றிப் போகும் வேன்கள் நிற்கும். அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன். பட்டியல் வந்தது. எனக்குப் பதவி உயர்வு. மேனேஜர் கைகுலுக்கினார். கேண்டீனில் லட்டு கொடுத்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், பழவேற்காட்டுக்கு மறுபடி போகலாமா, அதே படகுக்காரரைப் பிடியுங்கள் என்றார் மேனேஜர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படியாவது தடுக்க வேண்டும் என்கிற அவசரத்தில் பாதி உண்மையைச் சொன்னேன். "வேண்டாம் சார். அன்றைக்கு வலை கிழிந்ததே, அது ஒருவருக்கு முறையாக வந்த நாளாம். ஊரில் படகுக்காரருக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்களாம். கேள்விப்பட்டேன்." கேள்விப்பட்டேனாம்!

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நம்மாலா?" என்றார். பிறகு, "இந்த ஞாயிறு போவோம். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றார். அவர்கள் அதெல்லாம் எதிர்பார்க்க மாட்டார்கள் சார், பாஷை தெரியாது சார் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "நீங்கள் இருக்கிறீர்களே, மொழிபெயர்க்க" என்றார்.

குப்பத்தில் அம்மன் கோயிலுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று உண்டு. ஊர்க்கூட்டம் அங்கேதான். எங்கள் கார் நின்றதுமே பெரியவர் எழுந்து வந்தார்.

"இன்னா நைனா, அக்காவப் பாக்க வந்தியா? யாரு இவரு, உங்க கம்பெனியா?"

மேனேஜர் ஆச்சரியப்பட்டு, "இவருக்கு உங்களைத் தெரியுமா?" என்று கேட்டார். "பொன்னேரியில் பார்த்திருப்பார்" என்றேன். நான் பிறந்த தெருவில் நின்றுகொண்டு சொன்னேன் இதை.

அன்றைக்கு வந்தவர் இவர்தான், மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று பெரியவரிடம் சொன்னேன். நானும் அந்தப் படகில் இருந்தேன் என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். வலை இழந்தவர் வந்தார். படகுக்காரனைக் கூப்பிட்டு விட்டார்கள், அவனும் வந்து தூணோரமாக நின்றான், என்னைப் பார்க்கவில்லை. என் அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து பெண்களோடு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். தம்பி பெரிய ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்ற பெருமை அவள் முகத்தில் இருந்தது.

மேனேஜர் உட்காரவில்லை. கைகூப்பி நின்றுகொண்டு ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார். "அன்றைக்கு நான் செய்தது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேன். இந்தப் படகுக்காரர் மேல் குற்றமில்லை. போக முடியாது என்று அவர் சொன்னார். அவர் அதிகப் பணத்துக்காகச் சொல்கிறார் என்று எனக்குச் சொல்லப்பட்டது. நான் நம்பிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும்."

சொல்லப்பட்டது என்றார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு அவர் கொடுத்த மரியாதை அது.

நான் மொழிபெயர்த்தேன். இவருக்குத் தெரியாதாம், தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டாராம், படகுக்காரர் மேல் தப்பு இல்லையாம், மன்னிக்கச் சொல்கிறார். நடுவில் இருந்த மூன்று வரிகளை விழுங்கிவிட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது? பெரியவர் தலையாட்டினார். வலைக்காரர்கூட முகம் தெளிந்து, "வுடுங்க, தெரியாம வந்தாரு" என்றார்.

மேனேஜர் என் பக்கம் குனிந்தார். "அவ்வளவுதானா? நான் இன்னும் அதிகம் சொன்னேனே" என்றார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தூணோரமாக நின்றவன் முதல் தடவையாக என்னைப் பார்த்தான். மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம், விட்டுவிடு என்பது போல. அவன் அப்படி ஆட்டாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் விட்டிருப்பேன்.

"இன்னொண்ணு இருக்குது" என்றேன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வெளியாள் எதிரில் என் வாயில் என் ஊர்ப் பேச்சு வந்தது. "அன்னிக்கு இவங்கள இட்டுக்கினு வந்தது நான்தான். போவ முடியாது, பாடு கட்டிகீறாங்கன்னு அவன் சொன்னான். டப்புக்காக சொல்றான்னு இவர்கிட்ட சொல்லி, போவச் சொன்னது நான். செவப்புத் துணிய நான் பாத்தேன். தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் சொன்னேன்."

என் அக்கா பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். அவள் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

படகுக்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான். "இப்போ சொல்லி இன்னா? என் ரெண்டு மொறையும் போச்சு, சீசனும் போச்சு. நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்." பிறகு, எனக்கு மட்டும் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தினான். "நான் ஏன் போனேன் தெரியுமா? ஊர்க்காரன் சொல்றானே, மொறைக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினுதான் வந்திருப்பான்னு நெனச்சேன். எதுத்த ஊடாச்சே உங்க அக்காவுக்கு. நீங்களே சொல்றீங்களான்னு கேட்டதுக்குக் கூட, நான்தான் சொல்றேன்னியே." தூணை விட்டு ஒரு அடி முன்னால் வந்தான். "டப்புக்கு சொல்றான்னா சொன்னே என்னைய? அது எனக்குத் தெரியாதே. இங்கிலீஷ்ல இன்னாவோ பேசினீங்க, எனக்கு அது புரியலியே."

இத்தனை நாள் அவன் மூட்டை தூக்கியதைவிட டப்புக்கு என்ற அந்த வார்த்தைதான் அவனைத் தாக்கியது என்று தெரிந்தது. அதையும் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன், மன்னிப்புக் கேட்கிறேன் என்ற பெயரில். அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"அவனுக்குப் போட்டத எனக்குப் போடுங்க" என்றேன் பெரியவரிடம். "இன்னா தண்டம்னாலும் கட்டுப்படறேன்."

பெரியவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கணக்குப் புரியாத பையனுக்குச் சொல்வது போலப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"இன்னான்னு போடறது நைனா? மொறைய நிறுத்தணும்னா, உனக்கு மொறை ஏது? போட்டக் கட்டணும்னா, போட்டு ஏது? உம் பேருதான் பாட்டுலயே இல்லியே. கேட்டதுக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிட்ட. உங்க அக்கா ஊட்டுக்காரரு பேர்ல போடலாம்னா, அவரு இன்னா பண்ணாரு? வெளியாளுக்குத் தண்டம் போடற வழக்கம் நமக்குக் கெடையாது."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. திட்டுவதற்கும் ஒரு உறவு வேண்டும் போலிருக்கிறது. பெரியவர் யாரிடமோ சைகை காட்டினார், கடையிலிருந்து இரண்டு கலர் பாட்டில் வாங்கி வந்தார்கள். எங்கள் ஊரில் வெளியூர் விருந்தாளி வந்தால் கலர் வாங்கிக் கொடுப்பார்கள், ஊர்க்காரனுக்கு யாரும் வாங்குவதில்லை. ஒன்றை மேனேஜரிடம் கொடுத்தார்கள், இன்னொன்றை என் கையில் கொடுத்தார்கள். அத்தனை பேர் பார்க்க நின்று அதைக் குடித்து முடித்தேன். வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

கார் பக்கம் வரும்போது அக்கா அங்கே இல்லை. எத்தனை அவசரமாகப் போனாலும், "ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போ" என்று சொல்லாமல் அவள் என்னை அனுப்பியதில்லை.

பொன்னேரி தாண்டியதும் மேனேஜர், "எல்லோரும் உங்களையே பார்த்தார்களே, என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அது என் ஊர் என்பதிலிருந்து ஆரம்பித்து, கேண்டீன் சிரிப்பு, என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன், சிவப்புத் துணி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காரை ஓரமாக நிறுத்திக் கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுபடி வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்.

"உங்களுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள்?"

"ஒன்றும் இல்லை சார்."

"ஒன்றுமே இல்லையா?"

"இல்லை."

"பெருந்தன்மையான மனிதர்கள்" என்றார்.

"ஆமாம் சார்" என்றேன்.